பெட்டிக்குள் சீறும் குஞ்சுகள்: காக்டெயில் கிளிகளைக் கையால் ஊட்டி வளர்க்கும் முறை

காக்டெயில் கிளிக்குஞ்சைக் கையால் ஊட்டி வளர்ப்பது மனதுக்கு நிறைவு தரும் வேலைதான் என்றாலும், அவசியம் இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்து, இரண்டும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. அந்த ஊட்டல் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் கூட்டிலிருந்து, கையில் பழக வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் குஞ்சுகளைப் பிரித்தெடுப்பது தேவையற்றது. கண் திறந்த பிறகு தினமும் சில நிமிடங்கள் கையில் எடுத்துவைத்துப் பேசிப் பழக்கிவிட்டு மீண்டும் கூட்டுப்பெட்டியில் விட்டாலே, அவை வளர்ந்தபின் மனிதர்களிடம் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பெற்ற பறவைகளில் ஒன்று இறந்துவிட்டாலோ, இரண்டும் ஊட்டுவதை நிறுத்திவிட்டாலோ, குஞ்சின் தலையிலும் பிடரியிலும் முளைக்கும் இறகுகளைக் கொத்திப் பிடுங்கத் தொடங்கினாலோ, கடைசியாகப் பொரித்த குஞ்சு மூத்தவற்றோடு போட்டிபோட முடியாமல் மெலிந்துகொண்டே வந்தாலோ கையூட்டல் தேவைப்படுகிறது. அப்போதும் குஞ்சுக்கு இரண்டு வாரமாவது ஆன பிறகு எடுப்பது நல்லது. பொரித்த அன்றே எடுக்க நேர்ந்தால், அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

இங்கே சொல்லப்படுபவை அனைத்தும், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டுவரும் காக்டெயில்களுக்கு உரியவை. நம் ஊர் மரப்பொந்துகளில் வாழும் பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சூறைக்காற்றில் மரம் முறிந்து பச்சைக்கிளிக் குஞ்சு கீழே கிடந்தால், அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே சரியான வழி. சன் கனூர் போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காக்டெயில் அந்தப் பட்டியலில் இல்லை.

கையூட்டலில் நடக்கும் பெரும்பாலான குளறுபடிகளுக்கு, குஞ்சின் வளர்ச்சி வேகத்துக்கு வீடு ஈடுகொடுக்காமல் போவதே காரணம் என்பது என் எண்ணம். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ 5 கிராம் இருக்கும் குஞ்சு, ஐந்தாவது வாரத்துக்குள் வளர்ந்த பறவையின் எடையை நெருங்கிவிடுகிறது. நேற்றுவரை தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தது இன்று கண்ணைத் திறந்து உங்களை எதிரியாகப் பார்க்கிறது. இன்று பெட்டியின் மூலையில் ஒடுங்கிக் கிடப்பது அடுத்த வாரம் மின்விசிறியை நோக்கிப் பறக்கிறது. ஆகவே குஞ்சு இன்று என்ன செய்கிறது என்பதோடு, அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வீட்டை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு யோசனையும் அந்த நோக்கில் சொல்லப்படுவதுதான்.

பெட்டியும் வெப்பமும்

குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இறகு முளைத்திருக்க வேண்டும். அதுவரை வெப்பத்தை நாம்தான் தர வேண்டும். வளர்ப்பாளர்கள் புரூடர் என்று சொல்லும் இளஞ்சூட்டுப் பெட்டிக்குக் காற்றுத்துளைகள் இட்ட பிளாஸ்டிக் பெட்டியோ, பயன்படுத்தாத மீன் தொட்டியோ போதும். முதல் வாரத்தில் 35 முதல் 36 டிகிரி செல்சியஸ், இரண்டாவது வாரத்தில் 32 முதல் 34, மூன்றாவது வாரத்தில் 29 முதல் 31, உடல் முழுவதும் இறகு மூடிய பிறகு 25 முதல் 28 என்ற அளவில் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பம் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் இருந்தால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைக் குஞ்சு படுத்திருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். மூடியில் தொங்கும் வெப்பமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். நம் ஊர்ச் சித்திரை, வைகாசி மாதங்களில் அறையின் வெப்பமே 35 டிகிரியைத் தாண்டிவிடுவதால், அந்த மாதங்களில் குஞ்சுகளுக்குக் குளிரைவிடச் சூடே அதிக ஆபத்து. மின்தடை வந்தால் பயன்படுத்த, சுடுநீர் நிரப்பித் துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்று எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பெட்டியின் தரையில் வெறும் செய்தித்தாளை விரிக்காதீர்கள். அதன் வழுவழுப்பில் பிடிமானம் கிடைக்காமல் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து, அப்படியே நிலைத்துவிடுகின்றன. நூல் பிரியாத பருத்தித் துண்டை விரித்து, அதன்மேல் டிஷ்யூ தாளைப் போட்டு, ஒவ்வொரு ஊட்டலுக்குப் பிறகும் தாளை மட்டும் மாற்றிவிடலாம்.

எறும்பைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. நம் வீடுகளில் அதுதான் முதல் எதிரி. குஞ்சின் அலகோரத்தில் காய்ந்திருக்கும் ஒரு சொட்டுக் கூழ் போதும், இரவோடு இரவாக எறும்புச் சாரி பெட்டிக்குள் புகுந்துவிடும். பெட்டியை மேசைமேல் வைத்து, மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். மேசை சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும், மின்வயர் சுவரிலிருந்து நேராகப் பெட்டிக்கு வராமல் ஒரு சுற்றுத் தொங்கி வர வேண்டும். எறும்புச் சாக்பீஸ் கோட்டை அந்த அறையிலேயே போடாதீர்கள். அதிலுள்ள பூச்சிமருந்து குஞ்சுக்கும் நஞ்சுதான்.

கூழும் ஊட்டலும்

பறவைக் குஞ்சுகளுக்கென்றே தயாரித்து விற்கப்படும் ஹேண்ட் ஃபீடிங் ஃபார்முலா மாவை மட்டுமே பயன்படுத்துங்கள். கைக்குழந்தைகளுக்கான தானிய உணவைக் கரைத்து ஊட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் பால் சேர்ந்திருக்கும், பறவைகளால் பாலின் சர்க்கரையைச் செரிக்க முடியாது, வளரும் கிளிக்குஞ்சுக்கு வேண்டிய அளவு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் கிடைக்காது. குஞ்சு உயிரோடு இருப்பதுபோலத் தெரிந்தாலும் எலும்பு வலுவில்லாமல் வளரும்.

காய்ச்சி ஆறவைத்த நீரில் பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவுப்படி மாவைக் கரைத்து, கட்டியில்லாமல் கலக்க வேண்டும். ஊட்டும் நேரத்தில் கூழின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதைப் புறங்கையில் சொட்டுவிட்டு மதிப்பிடாமல், வெப்பமானி வைத்தே பாருங்கள். சூடு குறைந்தால் குஞ்சு மறுக்கும், உள்ளே போனதும் செரிக்காமல் தங்கும். 43 டிகிரிக்கு மேல் போனால் கழுத்தடியில் உணவு தங்கும் தீனிப்பை உள்ளே வெந்துவிடும். அந்தப் புண் சில நாள் கழித்துத் தோலில் ஓட்டையாகத் தெரியும்போதுதான் நமக்கு விவரமே புரியும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் கூழின் ஒரு பகுதி வெதுவெதுப்பாகவும் இன்னொரு பகுதி கொதிநிலையிலும் இருக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் கூழ்க் கிண்ணத்தை வைத்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள். மீந்த கூழை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கவே கூடாது.

ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான அளவு. 40 கிராம் குஞ்சுக்கு 4 மில்லி. இரண்டாவது வாரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்றாவது வாரத்தில் நாளைக்கு நான்கு ஐந்து முறை, நான்காவது வாரத்தில் மூன்று நான்கு முறை என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரவு முடிந்து விடியும்போது, தீனிப்பை முழுவதும் காலியாகியிருக்க வேண்டும். விடிந்தும் பை தளர்ந்து தொங்கி, உள்ளே கூழ் தேங்கி, வாயில் புளித்த வாடை வந்தால், அதன்மேல் புதுக் கூழை ஊட்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஊட்டும் கலையின் உயிர், குஞ்சு தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டி உணவை இழுத்து வாங்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அலகின் இரு ஓரங்களிலும் உள்ள மெத்தென்ற பகுதியை மெல்லத் தொட்டால் அந்த ஆட்டம் தொடங்கும். அது தொடங்கியவுடன் மூச்சுக்குழல் மூடிக்கொள்வதால், அந்த நேரத்தில் மட்டுமே கூழ் நிரப்பிய, ஊசியில்லாத சிரிஞ்சை அழுத்த வேண்டும். குஞ்சின் இடப்பக்க அலகோரத்தில் சிரிஞ்சு முனையை வைத்து, அதன் வலப்பக்கத் தொண்டையை நோக்கிக் கூழ் போகும்படி ஊட்டுங்கள். உணவுக்குழல் கழுத்தின் வலப்புறமாகத்தான் இறங்குகிறது. ஆட்டம் நின்றால் கையும் நிற்க வேண்டும். வாயில் கூழ் நிறைந்து நின்றால் குஞ்சைத் தலை தாழ்த்தி விட்டுவிடுங்கள், அதுவே உதறித் துப்பிவிடும். அந்த உதறலில் சட்டை, சுவர், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் கூழ் தெறிக்கும் என்பதால் அலுவலகத்துக்குக் கிளம்பிய உடையோடு ஊட்ட உட்காராமல், பழைய கைலியில் உட்காருவது நல்லது. தெறித்ததைத் துடைத்துவிடலாம், மூச்சுக்குழலுக்குள் போன ஒரு சொட்டுக் கூழை வெளியே எடுக்க வழியில்லை, அது நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும்.

தினமும் காலை முதல் ஊட்டலுக்கு முன், ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனியாக நிறுத்து எழுதிவையுங்கள். நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். மூன்றாவது வாரத்தில் எடை ஒரு நாள் ஏறாமல் நின்றாலே காரணம் தேட வேண்டும்.

சீறும் பருவம்

கண் திறந்து சில நாள் ஆனதும் காக்டெயில் குஞ்சுகள் ஒரு புது வழக்கத்தைத் தொடங்குகின்றன. பெட்டியின் மூடி அசைந்தாலோ, திடீரென்று வெளிச்சம் பட்டாலோ, தெரியாத காலடி கேட்டாலோ, அவை எழுந்து நின்று, முன்னும் பின்னுமாக அசைந்து, மூச்சை இழுத்துவிட்டுப் பாம்பைப் போலச் சீறுகின்றன. இரண்டு மூன்று குஞ்சுகள் சேர்ந்து சீறினால் அந்த ஒலி அடுத்த அறைவரை கேட்கும். காட்டில் இந்தப் பறவைகள் மரப்பொந்தில் முட்டையிடுபவை. இருட்டான பொந்துக்குள் தலையை நுழைக்கும் எந்த விலங்கும், உள்ளேயிருந்து இப்படி ஒரு சீறல் கேட்டால் தயங்கிப் பின்வாங்கும். ஓடவும் பறக்கவும் முடியாத குஞ்சுக்குக் கிடைத்த ஒரே தற்காப்பு அதுதான்.

இந்தப் பருவம் வரும் என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் முன்பே சொல்லிவைக்காததால் நேர்ந்த ஒரு சம்பவம், இந்தப் பகுதியில் நான் சொல்ல வேண்டிய அத்தனையையும் தனக்குள் வைத்திருக்கிறது. மதுரையில் என் சித்தி வாடகைக்குக் குடியிருந்த மாடி வீட்டில், தாய்ப்பறவை இறந்துபோன நான்கு காக்டெயில் குஞ்சுகளைக் கையூட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் நெருங்கிய குஞ்சுகள். மொட்டைமாடிக்குப் போகும் வழியில் உள்ள சிறிய அறையில், வெளிச்சம் அதிகம் படாமலிருக்கப் பழைய பருத்திப் புடவையால் பாதி மூடிய பெட்டிக்குள் அவை இருந்தன. அந்த ஏற்பாட்டில் குறை எதுவும் இல்லை. ஒரு நாள் நண்பகலில் சித்தி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கல்லூரியில் படிக்கும் அவர் மகன் உள்ளறையில் குளித்துக்கொண்டிருந்தான். காய்ந்த வடகத்தை எடுக்க மாடியேறிய கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மா, அறையைக் கடக்கும்போது மூலையிலிருந்து சீறல் வந்ததைக் கேட்டு நின்றிருக்கிறார். துணிந்து புடவையின் ஓரத்தை ஒரு விரல் அளவு விலக்கியிருக்கிறார். உள்ளே வெளிச்சம் பட்டதும் நான்கும் ஒருசேரச் சீறி அசைய, பெட்டியே ஆடியிருக்கிறது. வடகத் தட்டைப் போட்டுவிட்டு அவர் இறங்கி ஓடிய வேகத்தில், தெருவுக்கே செய்தி போய்விட்டது.

சிறிது நேரத்தில் மாடிப்படி நிறையக் கூட்டம். யாரோ தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட, கொக்கிக் கம்பியும் சாக்குப்பையுமாக இரண்டு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். "எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்கி நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூத்தவர் அறை வாசலில் நின்று கம்பியால் தரையைத் தட்டினார். உள்ளேயிருந்து சீறல். மீண்டும் தட்டினார், இன்னும் பலமான சீறல். "சத்தத்தப் பாத்தா ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கும் போலண்ணே" என்று இளையவர் சொன்னதும், படியில் நின்றவர்கள் தாமாகவே இன்னும் நான்கு படி இறங்கினார்கள். மூத்தவர் மெல்ல நெருங்கி, கம்பியின் கொக்கியால் புடவையைத் தூக்கினார். மஞ்சள் ரோமத்துக்கு இடையே முள்முள்ளாக இறகுக் குருத்துகள் நீட்டிக்கொண்டிருக்க, கொண்டையை முழுவதும் விறைத்து, நான்கு குஞ்சுகள் வரிசையாக நின்று அவரைப் பார்த்து உயிரைக் கொடுத்துச் சீறின.

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துக் கூட்டம் மேலே ஏறிவந்து சிரித்தது. தலையைத் துவட்டியபடி ஓடிவந்த சித்தி மகன், "ஐயையோ, இதுங்க காக்டெயில் குஞ்சுண்ணே, சாப்பிடுற நேரம் வேற" என்று சொல்ல, "அப்ப ஊட்டு தம்பி, பாத்துட்டே போறோம்" என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் உடனே ஊட்டவில்லை. வந்தவர்களை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லி, புடவையை மீண்டும் மூடி, பக்கத்தில் உட்கார்ந்து குஞ்சுகள் சீறுவதை நிறுத்தும்வரை தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். பிறகுதான் கூழைக் கரைத்தான். அந்தப் பொறுமைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டுக்கார அம்மாவோ அன்றிலிருந்து தினமும் மாடியேறி வந்து, "எங்க, என் சர்ப்பங்கள் சாப்பிட்டுச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

சித்தி மகன் செய்தது ஏன் சரி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீறும் குஞ்சு மூச்சுக்குழலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. வாயும் திறந்திருப்பதைப் பார்த்துப் பசி என்று எண்ணிச் சிரிஞ்சை நுழைத்தால், கூழ் நேராக நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு மிக அதிகம். சீறல் அடங்கி, தலையாட்டம் தொடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. தினமும் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரே விதமான சொல்லையோ சீட்டியையோ கொடுங்கள். மூடியை முழுவதும் ஒரே இழுப்பில் திறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை விடுங்கள். கையை மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டிலிருந்து, குஞ்சின் மார்பு உயரத்தில் கொண்டுபோங்கள். மேலிருந்து வரும் எதுவும் அதன் கண்ணுக்குப் பருந்துதான். பெட்டியின் ஒரு பாதி எப்போதும் மூடியிருந்தால் பயந்த குஞ்சு ஒதுங்க ஓர் இடம் இருக்கும். இப்படிச் செய்தால் சில நாட்களிலேயே உங்கள் குரலுக்குச் சீறுவதை விட்டுவிட்டு உணவு கேட்டுக் கத்தத் தொடங்கும். அந்நியர்களிடம் சீறுவது இறகு முழுவதும் முளைக்கும்வரை தொடரலாம். அதைக் கோபம் என்றோ முரட்டுக் குணம் என்றோ எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள். பெட்டியின்மேல் "கிளிக்குஞ்சுகள், திறக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதும், வேலைக்கு வருபவர்களையும் கீழ்வீட்டாரையும் ஒரு முறை அழைத்துவந்து அந்தச் சீறலைக் கேட்கச் செய்வதும் பெரிய வேலை இல்லை. உண்மையில் பாம்பு வரும் பகுதிகளில் இது இன்னும் முக்கியம். தெரியாதவர் ஒருவர் தடியை எடுத்துவிட்டால் சிரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

பறக்கத் தொடங்கும்போது

நான்காவது வாரத்தின் முடிவில் குஞ்சு பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று சிறகடிக்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் உணவைக் குறைத்துக்கொண்டு, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குவரை இழப்பது இயல்பு. நோய் என்று அஞ்சி வலுக்கட்டாயமாக ஊட்டுபவர்கள், விருப்பமில்லாத குஞ்சின் மூச்சுக்குழலில் கூழை ஏற்றிவிடுகிறார்கள். எடை அதற்கு மேலும் குறைந்தாலோ, குஞ்சு சோர்ந்து இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

முதல் பறத்தலில் குஞ்சுக்குக் கிளம்பத் தெரியும், இறங்கத் தெரியாது. எனவே பறக்கும் முன்பே அறையை அதற்கு ஏற்றதாக மாற்றுங்கள். மின்விசிறியின் சுவிட்சை டேப் ஒட்டி மூடுங்கள், கண்ணாடிச் சன்னலுக்குத் திரை போடுங்கள், தண்ணீர் வாளிகளை மூடிவையுங்கள். சமையலறைக் கதவு சாத்தியே இருக்கட்டும். அங்கே கொதிக்கும் குழம்பைவிட மறைவான ஆபத்து ஒன்று இருக்கிறது. நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அளவுக்கு மீறிச் சூடான அதன் பூச்சிலிருந்து வரும் புகை, மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கிளி வளர்க்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்புவது நல்லது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, அறை நறுமணத் தெளிப்பான் ஆகியவையும் அந்த அறைக்குள் வேண்டாம்.

தானாகத் தின்னப் பழக்குதல்

ஐந்தாவது வாரத்திலிருந்தே தட்டையான கிண்ணத்தில் தினைக் கதிர், ஊறவைத்த கம்பு, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த மக்காச்சோளம், நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக வையுங்கள். முதலில் மிதித்து விளையாடும், கொத்தி எறியும், அதுவும் கற்றல்தான். ஈரமான உணவை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடுகிறது. அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் எதையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பட்டினி போட்டால் சீக்கிரம் தின்னக் கற்றுக்கொள்ளும் என்ற எண்ணம் தவறானது. பசித்த குஞ்சு புதிய உணவை ஆராயாது, கூழுக்காகக் கத்திக்கொண்டே இருக்கும். காலையில் சிறிது ஊட்டித் தெம்பு கொடுத்துவிட்டு, பகலில் கிண்ணத்தை முன்னால் வைத்தால் ஆர்வத்தோடு கொத்தும். பகல் ஊட்டல்களை முதலிலும், காலை ஊட்டலை அடுத்தும், இரவு ஊட்டலைக் கடைசியிலும் நிறுத்துங்கள். காக்டெயில்கள் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாரத்துக்குள் முழுவதும் தானாகத் தின்னத் தொடங்குகின்றன. ஒரு வாரம் கூழே இல்லாமல் எடை நிலையாக நின்றால் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். அதற்கு முன் குஞ்சை வேறொருவருக்குக் கொடுப்பதும், கூழ் குடிக்கும் குஞ்சைக் கடையில் வாங்குவதும் அந்த உயிருக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நுண்ணுயிர் நோய்கள் இருப்பதால், வாயால் ஊட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம். வளர்ப்பவருக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குஞ்சு மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, மூக்கில் கூழ் வருவது, எச்சம் ஒரு நாள் முழுவதும் நீராகப் போவது, தீனிப்பை காலியாகாமல் நிற்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்காமல் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் மருத்துவமனைகளோடு இயங்குகின்றன. போகும்போது குஞ்சைத் துண்டு விரித்த சிறிய பெட்டியில், சுடுநீர்ப் பாட்டிலை ஒரு பக்கம் வைத்து எடுத்துச் செல்லுங்கள். தினசரி எடை எழுதிய தாளையும், ஊட்டிய மாவின் பாக்கெட்டையும், கடைசியாக ஊட்டிய நேரத்தின் குறிப்பையும் மருத்துவர் முதலில் கேட்பார்.